ஆற்றுவாய் வெட்டிய அன்று வந்த விமானம்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் இறங்குதுறையைத் தாண்டி, தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழைப் பூண்டுத் திட்டு ஒன்று போனது. பச்சை இலையும் ஊதாப் பூவுமாக, ஒரு வீட்டு முற்றம் அளவு இருக்கும். அதன்மேல் ஒரு கொக்கு, ரிக்கெற் எடுத்து ஏறிய பயணியைப்போல நிமிர்ந்து நின்றது. நான் கொக்கைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது திட்டு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வாவியில் ஆற்றுவாழை சும்மா கிடக்கும், காற்று அடித்தால் மெல்ல நகரும். அன்று அது வடக்கே, கடலை நோக்கி, ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் முதல் நீங்கள் அதே துறையில் வேலைக்கு நிற்கப்போகிறீர்கள். புதுக் கம்பனி, புது விமானம், மடிப்புக் கலையாத சீருடை. உங்களைப் பயிற்றுவிக்கிறவர் என்னைத் தேடி வந்து, "பழைய ஆள் நீங்க, பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டார். எப்படி வானொலியில் பேசுவது, எப்படிப் பயணியை ஏற்றுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கொக்கு கையேட்டில் இல்லை. ஆகவே கொக்கைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கம்பனி தொடங்கியபோது அதனிடம் இருந்தது ஒரே ஒரு மிதவை விமானம். சக்கரமே கிடையாது. வயிற்றுக்குக் கீழே தோணிபோல இரண்டு நீண்ட மிதவைகள். தண்ணீரில் எழும்பும், தண்ணீரில் இறங்கும், நிலத்தில் இறங்கத் தெரியாது. நேர அட்டவணையும் இல்லை. யார் வாடகைக்குக் கேட்கிறாரோ அவருக்குப் பறக்கும். முதல் நாள் அது வாவியில் இறங்கியபோது பாலம் முழுக்க ஆட்கள். பள்ளிக்கூடங்களில் பாடம் நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மீன் எல்லாம் பயந்து ஓடிவிடும் என்று சண்டைக்கு வந்த மீனவர்கள், மறுவாரம் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து மிதவையைத் தொட்டுப்பார்க்கக் கேட்டார்கள்.

நான் அந்தத் துறைக்குப் பொறுப்பாளர். அதற்கு முன் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருந்தேன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது பறக்கும் என்பது மட்டும். எனக்குக் கீழே ஒரே ஆள், படகோட்டி பிலிப்பண்ணன். விமானம் வருமுன் படகில் போய், அது இறங்கும் ஓடுபாதையில், அதாவது தண்ணீரில் தடி நட்டு அடையாளம் வைத்த அந்த நீண்ட துண்டில், வலையோ மரக்கட்டையோ கிடக்கிறதா என்று பார்த்து அகற்றுவது அவர் வேலை. உலகத்தில் எதுவும் பிசகிப்போகும் என்று அவர் நம்பியதே இல்லை. நான் நேர் எதிர். மகள் ஜெனிற்றா பள்ளிக்கூடம் போய் வரும்வரை வீதியில் போகிற எல்லா லொறியையும் சந்தேகத்தோடு பார்த்த தாய் நான். இப்படி இரண்டு பேரை ஒரு துறையில் வைத்தால் ஒரு முழு ஆள் கிடைப்பார் என்று கம்பனி நினைத்ததோ என்னவோ.

நன்றாகத்தான் வளர்ந்தோம். பாசிக்குடாவுக்குப் போகும் தேனிலவுக்காரர்கள் வந்தார்கள், கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வீதி மூழ்கியதால் சித்தாண்டிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே எங்கள் விமானத்தில் வந்தார். பெண் வீட்டார் மேளத்தோடு துறையில் நின்றார்கள். கொழும்பில் யாரோ உறவினர் மாப்பிள்ளைக்கு வயிறு முட்டப் பால்சோறும் பலகாரமும் கொடுத்து ஏற்றியிருக்கிறார். கதவு திறந்தபோது அவர் முகம் வாவித் தண்ணீரின் நிறத்தில் இருந்தது.

"படத்தில சிரிச்சிக்கொண்டு இருந்தாரே," என்றார் பெண்ணின் தகப்பன்.

"தாலி கட்டி முடியட்டும் மச்சான், மறுகா சிரிப்பார்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"கட்டி முடிஞ்சா என்னண்டு சிரிக்கிற?"

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் மாப்பிள்ளையை நாற்காலியில் இருத்தி, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, முகம் மனித நிறத்துக்குத் திரும்பிய பிறகுதான் வெளியே விட்டேன். நல்ல நேரம் தப்புகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். கத்தட்டும். எழும்பி நிற்க முடியாத ஆளை, யார் அவசரப்படுத்தினாலும், மிதவைப் பலகையில் நடத்தக்கூடாது. இந்தப் பாடத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விமானமும் வந்தது. எனக்குச் சீருடை வந்தது. துறைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை முளைத்தது. காற்றின் திசை காட்ட ஒரு துணிக்குழாய் கம்பத்தில் கட்ட வேண்டும். கொழும்பிலிருந்து வர வேண்டியது வந்து சேராததால், ஜெனிற்றாவின் பழைய கலைவிழாப் பாவாடையை வெட்டி நானே தைத்தேன். செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் சரிகை. மீனவர்கள் அதைப் பார்த்துத் தோணியைத் திருப்பப் பழகிவிட்டார்கள். "மகள்ட பாவாட இண்டைக்குத் தெக்கால பறக்குது" என்று பேசிக்கொள்வார்கள். அவள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

இனி எங்கள் கப்டன். நீர்கொழும்புப் பக்கத்து ஆள், தாய் பேசிய தமிழைப் பேசுவார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. விமானம் நெருங்கும்போது அவர் வானொலியில் எப்போதும் ஒரே கேள்வி கேட்பார்: "தண்ணி எப்படி அம்மா?" நான் தண்ணீரைச் சொல்வேன், காற்றைச் சொல்வேன், முடிவில் "கவனம் கப்டன்" என்பேன். தென்னோலை மிதந்தால் கவனம். தூறினால் கவனம். நீர்க்காகம் ஒன்று தடியில் குந்தியிருந்தால், அதற்கும் கவனம்.

ஒருநாள் ஓடுபாதைக்கு நடுவில் ஓர் எருமை நீந்திப்போனது. சொன்னேன். "எருமை ஒன்று போகுது, கவனம் கப்டன்." அவர் வழமைபோல இறங்கி வந்தார். தண்ணீரைத் தொடப்போகிற கடைசி நேரத்தில் கொம்பைக் கண்டு, உறுமிக்கொண்டு மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பயணிகளின் கோப்பி பயணிகளின் மடியில். எருமை திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று அவர் என்னைத் திட்டவில்லை. தேநீர்க் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்து முடித்தார்.

"அம்மா, நீங்க எருமைண்ணு சொன்னது காதுல விழுந்துச்சு. ஆனா அதுக்குப் பின்னால கவனம்னு வந்துச்சு பாருங்க, உடனே நான் நினைச்சேன், ஆ, இது நீர்க்காகம் மாதிரி ஒண்ணுதான்."

"அப்ப நான் என்ன சொல்ல கப்டன்?"

"பாக்கிறத சொல்லுங்க. தண்ணி, காத்து, எருமை. இறங்கிறதா இல்லையாங்கிறது என் தலைவலி. இண்டைல இருந்து அந்தக் கவனம் உங்களுக்கு இல்ல. எடுத்து எங்கயாவது வைங்க. உண்மையிலயே வேணும்னா எடுங்க."

பிலிப்பண்ணன் பக்கத்தில் நின்று, "கப்டன், இவவுக்கிட்ட இருந்து கவனத்த எடுத்தா மிச்சம் என்ன இரிக்கி?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல்லை வானொலியில் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். வீட்டில் ஜெனிற்றாவுக்கு இரட்டிப்பாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பிற்பகலுக்கு வருவோம்.

மார்கழி மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்த நாள். வானம் தாழ்ந்து தொங்கியது. மூன்று மணி அளவில் விமானம் வர வேண்டும். பாசிக்குடாவில் பல ஹொட்டேல்களை நடத்தும் ஒரு குழுவின் ஆட்கள் அதில் வந்தார்கள். வரும் பருவம் முழுவதும் தங்கள் விருந்தாளிகளை எங்கள் விமானத்திலேயே கொண்டுவருவதா என்று அவர்கள் அந்தப் பயணத்தில் தீர்மானிப்பதாக இருந்தது. அதற்குள் எங்கள் கம்பனி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் குறைவு, இரண்டாவது விமானம் திரும்பப் போய்விட்டது. இந்த ஒப்பந்தம் கிடைத்தால் பிழைப்போம்.

பகல் பன்னிரண்டரைக்கு ஜெனிற்றா கொழும்பிலிருந்து கைபேசியில் எடுத்தாள். அங்கே படித்துக்கொண்டிருந்தாள். பணியாளர் குடும்பத்துக்குக் காலியாக இருக்கும் ஆசனத்தில் இடம் தருவார்கள்.

"அம்மா, ஒரு சீற் இரிக்காம். நான் வாறன். இறால் குழம்பு வைங்க."

"மழ புள்ள. நாளைக்கு பஸ்ஸில வாவன்."

"பஸ்ஸுக்கும் பயம், பிளேனுக்கும் பயம். நடந்து வரவா?"

வைத்துவிட்டாள். கப்டனுக்கு அவளைத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை கடைசி ஆசனத்தில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

இரண்டு பத்துக்குக் கொக்கு போனது. பிலிப்பண்ணன் துறை ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார். பிறகு யாருக்கோ கைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் வழமையான சிரிப்பு.

"ஆத்துவாய வெட்டிட்டாங்களாம், தங்கச்சி."

ஊருக்குப் புதியவர் உங்களில் யாராவது இருந்தால் உங்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு இருக்கிறது. மழைக்காலத்தில் வாவி ஏறி, படுவான்கரையில், அதாவது மேற்குக் கரையில், வட்டை வட்டையாக நெல்வயல் மூழ்கும்போது அந்த மணலை வெட்டிவிடுவார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும், வயல் தப்பும். வெட்டுவதா வேண்டாமா என்று வயற்காரரிடம் கேட்பார்கள், மீனவரிடம் கேட்பார்கள், கரையோரக் குடியிருப்புக்காரரிடம் கேட்பார்கள். விமானக் கம்பனியிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். விமானம் வானத்தில் வருவது, அதற்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்கும் போய்ச் சொல்லிவைக்கத் தோன்றவில்லை. காலையும் மாலையும் வானிலை அறிக்கை பார்த்தோம். மண்வெட்டியைப் பார்க்கவில்லை.

"வெட்டினா நல்லம்தானே," என்றார் பிலிப்பண்ணன். "தண்ணி வடிஞ்சிரும். இந்தப் பூண்டும் அரமணித்தியாலத்தில போயிரும். நான் போய் ஒருக்காத் தள்ளிவிட்டுட்டு வாறன்."

படகை எடுத்துக்கொண்டு போனார். ஓடுபாதையின் நடுவை எட்டுமுன் ஆற்றுவாழை வேர் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. படகு வடக்கே போகத் தொடங்கியது. அவர் எழும்பி நின்று எனக்குக் கை காட்டினார், ஊர்வலத்தில் போகிறவரைப்போல.

"ஒண்டும் இல்ல தங்கச்சி. இஞ்சதான் இரிக்கன்," என்று கத்தினார். அவர் அங்கே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தார். கடைசியில் ஓர் அடையாளத் தடியைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டார். அந்தத் தடியின் அடியில் முதல் தடவையாக நான் சேற்றைக் கண்டேன். தண்ணீர் அவ்வளவு இறங்கிவிட்டது. வெள்ளத் தண்ணீர் மேலே இருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே நிறம். ஆழம் எது, சேறு எது என்று விமானத்தில் வருகிறவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு அலுவலகத்து முகாமையாளர் தொலைபேசியில் வந்தார். நிலைமையைச் சொன்னேன்.

"மேடம், உள்ள இருக்கிறது யாருண்ணு தெரியும்தானே? அவங்கள வேற எங்கயாவது கொண்டுபோய் இறக்கினா நம்ம கதை முடிஞ்சுது. தண்ணி பரவாயில்லைண்ணு சொல்லுங்க. கப்டன் வந்து கண்ணால பாத்துக்குவார்."

"சேர், போட் இழுபட்டுப் போகுது."

"போட் சின்னது மேடம். நீங்க எப்பவும் கொஞ்சம் கூடுதலா பயப்படுற ஆள். எல்லாருக்கும் தெரியும்."

அது உண்மை. அதுதான் என்னைக் கொன்றது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஜெனிற்றா அதில் இல்லாவிட்டால் இந்தத் தண்ணீரை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? பிலிப்பண்ணனைப்போல, அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேனா? இந்தச் சேறு சேறுதானா, அல்லது என் நெஞ்சில் கிடக்கிற சேறா? மகள் இருப்பதால் இறங்கவிடாமல் தடுத்து, அதனால் கம்பனி அழிந்தால், இத்தனை பேரின் வேலையை ஒரு தாயின் பயம் தின்றதாகிவிடும். மகள் இருப்பதால் என்னையே சந்தேகித்து, "பரவாயில்லை" என்று சொல்லி, மிதவை சேற்றில் குத்தினால்?

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்றும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கேள்வி வரும். அப்போது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தேடாதீர்கள், நேரம் இல்லை. வேறு யாராவது உங்கள் இடத்தில் இருந்தாலும் காணக்கூடியது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

மேகத்துக்குள் சத்தம் கேட்டது. பெட்டி கரகரத்தது.

"தண்ணி எப்படி அம்மா?"

"ஆத்துவாய் வெட்டி இரிக்கி கப்டன். தண்ணி வடக்கால ஓடுது. ஓடுபாத முழுக்க ஆத்துவாழ வருது, பெரிய பெரிய திட்டு. நடுத் தடியிட அடியில சேறு தெரியுது. எங்கட போட்டுக்கு எஞ்சின் நிண்டுட்டு. பிலிப்பண்ணன் தடியப் பிடிச்சிக்கொண்டு நிக்கிறார். காத்து தெற்கால இருந்து, மெல்லிசு."

என் மகள் உள்ளே இருக்கிறாள் என்ற வசனம் பல்லுக்குப் பின்னால் நின்றது. விழுங்கினேன். அப்போதுதான், எங்கோ எடுத்து வைத்திருந்த அந்தச் சொல் தானாக வந்தது.

"கவனம்."

"சரி அம்மா. கேட்டுச்சு."

விமானம் மேகத்துக்குக் கீழே வந்தது. எங்கள் தலைக்கு மேலால் போனது. மிதவைகளின் அடியிலிருந்த கீறல்கள்கூடத் தெரிந்தன. இறங்கவில்லை. தெற்கே திரும்பி, பாலத்தைத் தாண்டி, மழை மூட்டத்துக்குள் போய் மறைந்தது. சத்தமும் போனது. தெற்கே வாவி கடல்போல அகன்றிருக்கும், ஓட்டம் அங்கே எட்டாது, ஆழமும் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே துறை இல்லை, படகு இல்லை. அந்தப் பக்கத்துக் கைபேசிக் கோபுரம் முதல் நாள் மழையிலேயே செத்துவிட்டது. தண்ணீரில் இறங்கியபின் விமானத்து வானொலியும் எங்களுக்கு எட்டாது.

அறிவிக்க வேண்டிய இடங்களுக்கு அறிவித்தேன். பாலம் வழியாகத் தெற்கே ஒரு வான் வண்டி அனுப்பினேன், வீதி மூழ்கிவிட்டதென்று அது திரும்பி வந்தது. முகாமையாளர் மறுபடியும் எடுத்துக் கத்தினார். கத்தி முடிந்த பிறகு, "பிறகு எடுங்க சேர், இந்த லைன் எனக்கு வேணும்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிலிப்பண்ணனை மீனவர்கள் இழுத்து வந்தார்கள். விசிறியில் சுற்றிய வேரைக் கத்தியால் அறுத்துவிட்டு, உடனே தெற்கே போகச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏறினார். அன்று அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

சற்று நேரத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. காற்றும் இரைச்சலும். ஒரு வயற்காரரின் குரல்.

"பிளேன் கந்தோரா? எங்கட வட்டைக்குப் பக்கத்தில ஒரு பிளேன் வந்து குந்தி இரிக்கி. அதில இருந்த ஆக்கள் எல்லாம்..."

அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. ஆக்கள் எல்லாம்? அதற்குப் பின்னால் என்னென்ன சொற்கள் வரலாம் என்று நான் அன்று நினைத்துப் பார்த்தேன். அதை உங்களுக்கு எழுதப்போவதில்லை. இன்றும் பேசிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அறுந்தால், மறுபடி குரல் கேட்கும்வரை எடுத்துக்கொண்டே இருப்பேன். ஆற்றுவாழை கொஞ்சம் வேகமாகப் போவதைக் கண்டால் பாலத்தில் நின்றுவிடுவேன். ஜெனிற்றாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வீதியில் ஓர் உழவு இயந்திரத்தின் சத்தம். சில்லெல்லாம் சேறு, பெட்டி முழுக்க ஆட்கள், எல்லோரும் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியில். நெல் மூட்டை ஏற்றுகிற பெட்டியில் பாசிக்குடா ஹொட்டேல்காரர்கள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஜெனிற்றா, ஒரு கையில் தன் பை, மறுகையில் யாரோ அம்மாவின் குதியுயர்ந்த செருப்பு.

இயந்திரத்தை ஓட்டியவர் இறங்காமலே சொன்னார்: "வயல்ல தண்ணிய வடிய விடுங்க எண்டு கெஞ்சித்தான் ஆத்துவாய வெட்ட வச்சம். தண்ணி போச்சு, பிளேன் வந்திட்டு. இனி எதுக்குக் கெஞ்சுறதெண்டு விளங்குதில்ல."

"நீங்களா கோல் எடுத்த?"

"ஓம். கப்டன் தந்த நம்பருக்கு, மேட்டில ஏறி நிண்டுதான் எடுத்தன். ஆக்கள் எல்லாம் பசியோட நிக்கிறாங்க எண்டு சொல்ல வந்தன். அறுந்திட்டு. எங்கட வீட்ட சோறு குடுத்திட்டுத்தான் கூட்டி வாறம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெனிற்றா குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கிறாங்க. ஒழும்புங்க."

"பயந்தியா புள்ள?"

"பயப்பட என்ன இரிக்கி? கப்டன் ஒருக்காத் திரும்பி எங்களப் பாத்தார். மறுகா பிளேன் தெக்கால திரும்பிச்சு. தண்ணியில இறங்கி, ஒரு மருத மரத்தில கயிறு போட்டு மாடு கட்டுற மாதிரிக் கட்டினாங்க." என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இறால் குழம்பு வச்சீங்களா இல்லயா?"

வைக்கவில்லை. அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

செருப்புக்காரப் பெண்மணி என்னிடம் வந்து, தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பயணம் போனதில்லை, படுவான்கரைச் சோறும் மீன் சொதியும் தங்கள் ஹொட்டேலில்கூடக் கிடையாது என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஒப்பந்தம் வரவில்லை. அன்றைய இறக்கத்தால் அல்ல, அடுத்த மாதங்களில் நாட்டுக்கு வருகிறவர்களே நின்றுவிட்டார்கள். விருந்தாளி இல்லாத ஹொட்டேலுக்கு விமானம் எதற்கு? முகாமையாளர் வேறு வேலைக்குப் போனார். போகுமுன் தொலைபேசி எடுத்து, "நீங்க அண்டைக்குச் சொன்னது சரி மேடம்" என்றார், அவ்வளவு தூரம் வந்தது பெரிய விசயம். எங்கள் கடைசி விமானம் பாலத்துக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கச் சிறகைச் சாய்த்துவிட்டு மேற்கே போனது. தேநீர்க் கடை மட்டும் இன்னும் இருக்கிறது. கம்பமும் இருக்கிறது. பாவாடை கிழிந்துபோக, மீனவர்கள் அதில் கோதுமை மாச்சாக்கு ஒன்றைத் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். புதுக் கம்பனி புதுத் துணிக்குழாய் கொண்டுவந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஆற்றுவாய் எப்போது வெட்டுவார்கள் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், ஒவ்வொரு மழைக்கும்.

ஆற்றுவாய் வெட்டிய அன்று கடைசியாகத் துறைக்கு வந்தவர் கப்டன். பயணிகளை எல்லாம் கரையேற்றி, விமானத்துக்கு வயற்காரரைக் காவல் வைத்துவிட்டு, பிலிப்பண்ணனின் படகில் வந்து இறங்கினார். தொடைவரை சேறு, சப்பாத்து கழுத்தில் தொங்கியது. தேநீர்க் கடை வாங்கில், எருமை நாளில் இருந்த அதே இடத்தில் இருந்தார். ஜெனிற்றா பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, சீனி முடிஞ்சிட்டு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்க உங்க மகளா?"

"ஓம் கப்டன்."

"நீங்க என்னோட பேசினப்ப, உள்ள இருக்கிறாங்கண்ணு தெரியுமா?"

"தெரியும்."

சீனி இல்லாத தேநீரை அவர் முழுவதும் குடித்தார். குவளையை வாங்கில் வைத்தார்.

"சொல்லாம விட்டீங்களே, நல்லது அம்மா. சொல்லியிருந்தா, தாய் பயத்தில பேசுறாங்கண்ணு நினைச்சு நான் இறங்கியிருப்பேன்."